ஐம்பது குழிப் பலகை

பத்து வயதில் நான் ஒரு தோட்டாவிலிருந்து மருந்தைக் கொட்டினேன். அதனால் என் அப்பாவின் இடது கையில் மூன்று விரல்கள் போயின. பழி என் அக்காவின் மேல் விழுந்தது. நாற்பத்தெட்டு வருஷம் அவள் அதைச் சுமந்தாள். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். படிக்கிற உங்களில் பலரும் என் வயதுக்காரர்களாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கும் ஓர் அக்காவோ தம்பியோ இருந்திருப்பார்கள். அவர்கள் தட்டில் விழுந்த துண்டு உங்கள் தட்டில் விழுந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்கும். குழந்தைகளின் பொறாமையைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். நான் சிரிப்பதில்லை. என் வாழ்க்கையில் எனக்கிருந்த மிகப் பெரிய பொறாமை பத்து வயதில் இருந்ததுதான். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அதன் மிச்சம்.

அப்போது நாங்கள் கல்மண்டபத்துப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். ரயில் பட்டறையில் ஃபிட்டர். கொதிகலன்களுக்கு ஆணி அறைகிற கூடத்தில் பல வருஷம் நின்றதில் அவர் காது பெரும்பாலும் போய்விட்டது. பீரங்கி வெடித்தால் கேட்கும், மழை பெய்தால் கேட்காது. அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எதிரே போய் நின்று, வாய் நன்றாகத் தெரியும்படி பேச வேண்டும்.

துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த ஒரு துரை இருந்தார். அவரிடம் சீமையிலிருந்து கொண்டுவந்த பழைய ரைஃபிள் ஒன்று. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போட்டு, அடியிலுள்ள பிடியை இழுத்து மூடிச் சுடுகிற வகை. அதற்கான தோட்டா கடைகளில் வருவது நின்றுபோயிருந்தது. சுட்ட பித்தளைக் குப்பிகளையே கழுவி, அடியில் தட்டினால் பொறி விடுகிற புதுக் கேப்பு பதித்து, மருந்து நிரப்பி, ஈயக் குண்டு அழுத்தி மறுபடி பயன்படுத்த வேண்டும். அப்பாவின் கை பிசகாத கை என்று பட்டறையில் யாரோ சொல்ல, துரை ஆள் அனுப்பினார். துரையின் லைசென்ஸில் இதெல்லாம் அடக்கம் என்றார்கள். உண்மைதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

துரை ஒரு வழக்கம் வைத்திருந்தார். புதிதாக நிரப்பிய தோட்டாக்களில் அவர் அங்கங்கே பொறுக்கி எடுக்கிற ஐந்தை நிரப்பியவனே முதலில் சுட்டுக் காட்ட வேண்டும். அப்புறம்தான் அவர் துப்பாக்கியைத் தொடுவார். அப்பாவுக்கு அதில் வருத்தம் இல்லை. "அவுரு சொல்றது ஞாயந்தான். என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்லாங்காட்டி அவுருக்கு எப்டி வரும்?" என்பார்.

கொல்லையில், முன்பு யாரோ ஆடு கட்டிய ஓட்டு அறை ஒன்று இருந்தது. அதை அப்பா சுண்ணாம்பு அடித்து, வடக்குப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்து, மருந்து அறையாக ஆக்கினார். ஜன்னல் வெளிச்சம் இருக்கும் வரைதான் வேலை; விளக்கு உள்ளே வரவே கூடாது. வாசலில் நனைத்த கோணிச் சாக்கு கிடக்கும், அதில் கால் வைத்துத்தான் நுழைய வேண்டும். அம்மா அடுப்பு மூட்டியிருந்தால் அன்று அடுப்பு அணைந்த பிறகே மருந்து டின் திறக்கும். இரும்புச் சாமான் ஒன்றுகூட மேஜையில் இராது. அளக்கிற கரண்டி பித்தளை, தட்டுகிற சுத்தியல் மரம். கேப்புகள் வீட்டுக்குள் மாடத்தில் தனியாகத் தூங்கும், குண்டுகள் அலமாரியில் தனியாக. பட்டறையில் ஒருநாளும் வாயைத் திறவாத அப்பா இந்த அறையில் மட்டும் நிறையப் பேசுவார். பேசினார் என்றா சொன்னேன்? அக்காவிடம் பேசினார்.

அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மருந்து அளப்பது அவள் வேலை. முதலில் அப்பாவே அளந்துகொண்டிருந்தார். ஒருநாள் கண்ணில் தூசி விழுந்து அவர் எழுந்துபோக வேண்டிவந்தது. நடுவில் எழுந்தால் நிரப்பியதை எல்லாம் டின்னில் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது அவர் வைத்த விதி. அக்கா அவர் சொல்லாமலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாளாம். அன்றிலிருந்து அந்த இடம் அவளுக்கு.

அந்தப் பலகையைச் சொல்ல வேண்டும். தேக்கில் அப்பாவே செய்தது. வரிசைக்குப் பத்தாக ஐந்து வரிசை, மொத்தம் ஐம்பது குழிகள். குப்பிகள் வாயை மேலே வைத்து நிற்கும். அக்கா கண்ணாடி வளையல்களைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டுவாள். கரண்டியில் மருந்தை மொண்டு, பழைய ரயில் டிக்கெட் அட்டையால் மேலே வழித்துச் சமன் செய்து, ஒவ்வொன்றாக ஊற்றுவாள். ஐம்பதும் முடிந்ததும் பலகையை ஜன்னலோரம் எடுத்துப்போய் லேசாகச் சாய்ப்பாள். வெளிச்சம் ஒவ்வொரு குப்பியின் வாய்க்குள்ளும் இறங்கும். கறுப்பு எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று, உதடு மட்டும் அசைய, ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ணிப் பார்ப்பாள். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "பாத்தாச்சு" என்பாள். அந்தச் சொல் வராமல் அப்பா ஒரு குண்டைக்கூட எடுக்க மாட்டார். ரயில் எஞ்சினையே பிரித்துப் போடுகிற மனிதர் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் ஒரு சொல்லுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

நான் எங்கே இருந்தேன்? வாசலில், கோணிச் சாக்குக்கு இந்தப் பக்கம். அங்கே அப்பா சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தார். "டேய், இத்த தாண்டக் கூடாது" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அக்காவுக்கு ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியிருந்தார். எனக்குச் சொன்னது கோடு மட்டும்.

அந்த அறையின் வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் வரும். தீக்குச்சி உரசினாற்போல ஒரு கந்தக நெடி, அதோடு குண்டுக்குத் தடவுகிற தேன்மெழுகு. சாயங்காலம் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்னும்போது, எத்தனை தேய்த்துக் கழுவியிருந்தாலும் அவள் விரலில் அந்த வாசனை இருக்கும். அப்பாவின் விரலிலும் அதே வாசனை. என் விரலில் பலப்பக் குச்சி வாசனை. நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எழுத்து முழுவதும் எழுதிய சிலேட்டுப் பலகையைக் கொண்டுவந்து காட்டினேன். அப்பா பார்க்காமலே, "நல்லாக்கீது" என்றார். அடுத்த நிமிஷம் அக்கா மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து விரலை ஆட்டி ஏதோ காட்ட, அவர் சிரித்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் விரலாலேயே ஒரு பாஷை இருந்தது. துரை அப்பாவை மேஸ்திரி என்பார். அப்பா அக்காவைச் சின்ன மேஸ்திரி என்பார். என்னை டேய் என்பார்.

எண்ணூருக்குச் சுட்டுக் காட்டப் போகும்போதும் அக்காதான் கூடப் போவாள். காது கேட்காதவருக்குக் காதாக. ஒருதரம் துரை அவளுக்கு ஒரு டின் பெப்பர்மின்ட் கொடுத்தனுப்பினார். மூடியில் பாய்மரக் கப்பல் படம். வீட்டுக்கு வந்ததும் சரிபாதி எண்ணி எனக்குக் கொடுத்தாள். என் பாதியைத் தின்றுவிட்டு, அவள் பாதியை டின்னோடு சாக்கடையில் போட்டேன். அவள் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றாள். என்னைச் சந்தேகப்படக்கூட அவளுக்குத் தெரியவில்லை. அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது.

அது ஒரு சனிக்கிழமை. பட்டறை அரை நாள். மறுநாள் துரைக்குத் தோட்டா கொடுக்க வேண்டும். அக்கா ஐம்பதையும் நிரப்பி, ஜன்னலில் சாய்த்து எண்ணி, "பாத்தாச்சு" சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் துரை வீட்டு ஆள் வந்து நின்றான். அம்மா உள்ளேயிருந்து, "யோவ், தொர வூட்டு ஆளு வந்துகீறாரு!" என்று கத்தினாள். அப்பாவுக்கா கேட்கும்? அக்கா அவர் தோளைத் தொட்டு வாசலைக் காட்டினாள். அப்பா போனார். ஆள் ஏதோ கேட்க, பதில் சொல்ல அப்பாவுக்கு அக்கா தேவைப்பட்டாள். கையைத் தட்டிக் கூப்பிட்டார். அவளும் ஓடினாள்.

மருந்து வைத்த குப்பியைத் தனியே விடக் கூடாது என்பது விதி. விட்டால் திரும்பி வந்து மறுபடி முழுக்கப் பார்க்க வேண்டும். நிரப்பிய குப்பிகள் நிற்க, அந்த அறையில் ஒருவரும் இல்லாமல் போனது அன்றுதான் முதல் தடவை.

நான் கோட்டைத் தாண்டினேன். பலகை ஜன்னலோரம் இருந்தது. நான் அவசரப்படவில்லை, நிதானமாக யோசித்தேன். நிறையப் போட்டால் வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே போடக் கூடாது, எடுக்க வேண்டும். மருந்து இல்லாத தோட்டா சுடாது. சுடாவிட்டால் துரைக்கு முன்னால் அப்பாவுக்கு அவமானம். வீட்டுக்கு வந்து சின்ன மேஸ்திரியைத் திட்டுவார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. யாருக்கும் அடிபடக் கூடாது என்று கவனமாகத் திட்டம் போட்டு அந்தக் காரியத்தைச் செய்தேன். நான்காம் வரிசையில் இரண்டாவது குப்பியை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தேன். ஒரு கரண்டிக் கறுப்பு மணல். குப்பியைத் திரும்பக் குழியில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் குளிக்கிற இடத்து ஜலதாரையில் கையைக் கழுவினேன். கழுவிய பிறகு முகர்ந்து பார்த்தேன். அந்த வாசனை என் கையிலும் வந்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர்கள் திரும்பி வந்தார்கள். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அப்பா புருவத்தைத் தூக்கி, "பாத்தாச்சில்ல?" என்றார். அக்கா தலையசைத்தாள். குண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஈயம் மூடிய பிறகு ஐம்பதும் ஒரே மாதிரி இருந்தன.

அன்று விளக்கு வைத்ததும் அம்மா அப்பாவின் எதிரே போய் நின்றுகொண்டாள்.

"வயசுக்கு வரப்போற பொண்ண இட்டுகினு மணல்லயும் உப்பங்கழிலயும் சுத்திகினுகீற. பக்கத்து வூட்டுக்காரி இன்னா கேக்கறா தெரியுமா? பொண்ண பட்டாளத்துல சேக்கப் போறியாங்கறா."

"அவ என் காதுடி" என்றார் அப்பா.

"பையன் கீறானே, அவனுக்கு காது இல்ல? ஆம்பளப் புள்ள வூட்ல குந்திகினு கீது, பொட்டப் புள்ள துப்பாக்கி பின்னால ஓடுது."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வருஷத்திலேயே அவர் என்னை முழுசாகப் பார்த்தது அப்போதுதான் என்று எனக்கு ஞாபகம்.

"வர்றியாடா?"

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சில மணி நேரம் முன்னால் கிடைத்திருந்தால் கோட்டைத் தாண்டியிருக்க மாட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் இடம் போய்விடும்.

காலையில் நான் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். அழுதிருப்பாள் என்று ஆசையோடு பார்த்தேன். அழவில்லை.

"தோ பார்ரா. டமார்னு கேட்டா நீ சும்மா இரு, அது நைனாவுக்கே கேக்கும். வெறும் டிக்குனு கேட்டா கேப்பு நமுத்துகினுச்சுன்னு அர்த்தம், தலைய ஆட்டு. ரெண்டுக்கும் நடுவால சின்னதா ஒரு சத்தம் வந்துச்சுன்னு வெச்சுக்கோ, நைனா கைய புடிச்சுக்கோ. அட்ச்சாலும் வுடாத."

"ஏன்?"

"புடிச்சுக்கோடா. வெளிய வந்து வுழுற குப்பியயும் எட்த்து அவுரு கைல குடு. அவுரு உள்ள பாப்பாரு."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் எனக்கு மேஸ்திரி இல்ல" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, என் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

எண்ணூர் ரயிலில் தோட்டாப் பெட்டியை அப்பா மடியில் வைத்துக்கொண்டார். திருவொற்றியூர் தாண்டியதும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. எங்கோ கருவாடு காய்கிற நாற்றம். நான் ஜன்னலோரம், அப்பாவின் பக்கத்தில், அக்கா உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா என் தொடையைத் தட்டி ஒரு கொக்கைக் காட்டினார். அவ்வளவு சந்தோஷமான ரயில் பயணம் எனக்குப் பிறகு அமையவில்லை.

கழிமுகத்துக்குத் தெற்கே மணல்மேட்டில் துரை காரிலிருந்து இறங்கி நின்றிருந்தார். கூடவே ஒரு செம்பட்டை நாய். தூரத்தில் மண்ணெண்ணெய் டின் ஒன்றை வெள்ளை பூசி நிறுத்தியிருந்தார்கள். "சின்ன மேஸ்திரி எங்கே?" என்று அவர் தமிழிலேயே கேட்டார்.

முதல் தோட்டா. டமார். வெள்ளைப் புகை எங்கள் தலைக்கு மேல் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. குப்பிகளை நான் பொறுக்கிக் கொடுத்தேன். அப்பா ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது. புகை வரவில்லை. காலிப் பானைக்குள் சுண்டுவிரலால் தட்டினால் வருமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. அலைச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. காத்திருந்தவனுக்குக் கேட்காமல் இருக்குமா?

அப்பா துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "இன்னாடா? எதுனா கேட்டுதா?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்க எனக்கு அறுபது வருஷம் கிடைத்திருக்கிறது. அவர் நேராகப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று பயந்தேன். தப்புச் செய்த பிள்ளையின் வாயில் எதைக் கேட்டாலும் முதலில் வருவது 'இல்லை'தான். இது பாதிக் காரணம். மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவர் கையைப் பிடித்தால் அக்கா சொன்னதைச் செய்தவனாவேன்.

"இல்ல நைனா" என்றேன்.

"டிக்குனு மட்டுந்தானா?"

தலையை ஆட்டினேன்.

"உப்புக் காத்துல கேப்பு நமுத்துப்பூட்ச்சு" என்று துரையிடம் சொல்லிவிட்டுப் பிடியை இழுத்தார். குப்பி பின்னால் மணலில் விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. எடுத்துக் கொடுத்திருந்தால், உள்ளே குண்டு இல்லை என்பதைப் பார்த்திருப்பார். குண்டு குப்பியில் இல்லையென்றால் குழலில் இருக்கிறது. "ஜல்தி, மேஸ்திரி" என்றார் துரை. அப்பா நான்காவதைப் போட்டார்.

கேப்பின் வேகம் மட்டுமே தள்ளிய குண்டு குழலின் நடுவில் சிக்கி நின்றிருந்தது. பின்னால் வந்த குண்டு முழு வேகத்தோடு அதில் மோதியது. மருந்து குறைவதும் ஆபத்துதான் என்பதை நான் அந்த இடத்தில் தெரிந்துகொண்டேன். குழல் அப்பாவின் இடது கை பிடித்திருந்த இடத்தில் பிளந்தது. நாய் ஓடியது. அப்பா கத்தவில்லை. மணலில் உட்கார்ந்து, தன் கையை, ஏதோ பழுதான சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

துரை தன் சட்டையைக் கிழித்துக் கட்டினார். எல்லாரும் அப்பாவைத் தூக்கும்போது, நான் காலால் மணலைத் தள்ளி அந்தக் குப்பியை மூடினேன். இப்போதும் அங்கேதான் எங்கேயாவது இருக்கும்.

துரை பிளந்த குழலைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், ஒன்றில் மருந்து இல்லை என்று. ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் அக்காவும் வந்தார்கள். கை முழுக்கத் துணி சுற்றிய அப்பா, அக்காவைக் கட்டிலுக்கு எதிரே வரச் சொன்னார்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன் நைனா."

"அம்பதும்?"

"அம்பதும்."

அப்பா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டவில்லை. அவரோடு பேச எதிரே நிற்க வேண்டும் என்றேனே. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டவரிடம் யார் எதைச் சொல்ல முடியும்? அக்கா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பொட்டக் கைல மருந்த குட்த்தா இப்டித்தான்" என்றாள் அம்மா. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

பிறகு எனக்கு எல்லாம் நல்லதாகவே நடந்தது. சம்பவத்தை நேரில் பார்த்த பிள்ளை என்று இரக்கப்பட்டுத் துரை என்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். நான் படித்தேன், கோட்டு போட்டு உத்தியோகம் பார்த்தேன். அப்பாவுக்குப் பட்டறையில் கருவிகளுக்கு டோக்கன் மாட்டுகிற வேலை கொடுத்தார்கள். அதற்கு ஒரு கை போதும். சாயங்காலங்களில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புத்தகத்தைப் பார்ப்பார். அக்காவிடம் கோபமில்லாமல் பேசுவார், ஆனால் விரலால் பேசுவது நின்றுபோயிற்று. பேசுவதற்கு விரலும் இல்லை.

அக்காவைப் பதினைந்து வயதில் திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான், கேலிக்காரர். அவர் வாயில் அவளுக்கு ஒரு பெயரும் விழுந்தது, 'டபுள் செக்' என்று. ஏனென்றால் அவள் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படுப்பாள், எழுந்துபோய்த் தொட்டுப் பார்ப்பாள், மறுபடி போவாள். அடுப்பு அணைந்ததை நாலு தடவை பார்ப்பாள். பிள்ளைகளைத் தலை எண்ணுவாள், எண்ணி முடித்து மறுபடி எண்ணுவாள். இட்லித் தட்டின் குழிகளில் மாவு ஊற்றினால், சாய்த்து வைத்து, உதடு அசையப் பார்ப்பாள். "ஒரு துப்பாக்கில கோட்ட வுட்டா, இப்ப இட்லில புடிக்கறா" என்று மாமா எல்லார் முன்னாலும் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அப்பா போகும்போது பக்கத்தில் இருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். அவர் கண் மூடியிருந்தது. உதட்டைப் பார்க்க முடியாதவரிடம் சொல்லி என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கு இரண்டு வருஷம் கழித்து மாமாவும் போய்விட்டார். நான் ஓய்வுபெற்றேன். அந்த மாதமே ஒரு மத்தியானம் திருவொற்றியூர் போனேன்.

அக்கா தரையில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பெண் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காராமலே சொன்னேன். இங்கே எழுதியதைவிடக் குறைவான வார்த்தைகளில்தான் சொல்ல முடிந்தது. அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து உள்ளே போனாள். பரணில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் அந்தப் பலகை இருந்தது. அம்மா விறகுக்கு உடைக்க வைத்திருந்ததைக் கல்யாணச் சாமானோடு ஒளித்து எடுத்து வந்திருக்கிறாள். யாருக்கும் தெரியாது. தேக்கு கறுத்துப்போயிருந்தது.

என் முன்னால் வைத்தாள். "எது?"

நான்காம் வரிசை, இரண்டாவது. விரலை வைத்துக் காட்டினேன்.

அவளும் அந்தக் குழியில் விரலை விட்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"இதுல இருந்துச்சு" என்றாள். "நான் பாத்தேன். இருந்துச்சு."

"இருந்துச்சுக்கா."

"அந்த ஆளு வந்து கூப்ட்டப்புறம் நான் திரும்ப வந்து பாக்கல. பாத்திருக்கணும். அது என் தப்பு, அத்த நான் எட்த்துக்கறேன். மிச்சம் உன்னுது."

காலில் விழப் போனேன். நகர்ந்துகொண்டாள். "அவுரு கேக்கணும் இத்த. உங்க மாமா. எவ்ளோ சிரிப்பாரு. போயிட்டாரு. நைனா போயிட்டாரு. நல்லா பாத்து வந்துகீற." பிறகு, "புள்ளைங்களுக்குச் சொல்லு. எல்லாத்துக்கும் ஒண்ணா" என்றாள்.

அடுத்த மாதம் அக்காவின் பேரனுக்குக் காது குத்தினார்கள். சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் இருந்தபோது எழுந்து நின்று சொன்னேன். நான் அதுவரை பேசிய மேடைகளில் அதுதான் சின்னது. அக்காவின் பெரிய மகன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வெளியே போனான். சின்னவன் மட்டும், "இன்னா மாமா, இத்தினி வருசம் எங்கூட குந்திகினு நீயும் தானே சிரிச்ச?" என்றான். அக்கா பலகையை எடுத்துத் துடைத்துச் சாமி மாடத்துக்குக் கீழே, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. பதினான்கு வருஷம் ஆகிறது. பொங்கலுக்குப் போவேன். காப்பி வரும், இன்னொருவர் கையால். நான் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அவளும் இருப்பாள். என் பக்கம் திரும்பாத முதுகைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்துவிட்டு வருவேன்.

போன பொங்கலுக்கு வாசல்வரை வந்த அவள் பெண்ணிடம், "அம்மா எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"நல்லாக்கீது மாமா. நீ சொன்னியே, அந்த வருசத்திலேர்ந்து தாப்பாள ஒரு தபாதான் பாக்குது. போட்டுட்டு வந்து படுத்தா விடிஞ்சாதான் எழுந்துக்குது. எங்கப்பா இத்த பாக்காம பூட்டாரேன்னு கீது எனக்கு."

நான் ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். என் வீட்டில் நான் தனி. இப்போதெல்லாம் படுத்த பிறகு, கதவைத் தாழ் போட்டேனா என்று எழுந்துபோய்ப் பார்க்கிறேன். போட்டுத்தான் இருக்கும். திரும்பி வந்து படுக்கிறேன். மறுபடி எழுந்து போகிறேன். திருவொற்றியூரில் அவள் விடியும்வரை தூங்குகிற தூக்கத்தை நினைத்துக்கொள்கிறேன். அதை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தவன் நான்தான் என்று சந்தோஷப்பட வேண்டும். அதன் மேலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.